பாகு தனி, அப்பம் தனி

பிப்ரவரி 3

மதிப்பிற்குரிய சம்பந்தியம்மாவுக்கு,

வணக்கம். இங்கு நான் நலம். என் மகனும் நலமாகத்தான் இருக்க வேண்டும். பாதி நாள் அவன் உங்கள் வீட்டில் இருப்பதால் அதை நீங்கள்தான் எனக்கு எழுத வேண்டும்.

போன ஞாயிறு உங்கள் வீட்டில் சாப்பிட்ட சாப்பாட்டைப் பற்றி அன்றே சொல்லிவிட்டேன். பருப்பில் உப்பு ஒரு துளி கூடுதல், மற்றபடி குறையில்லை. ஆனால் கடைசியில் தட்டில் வைத்தீர்களே, பாகில் ஊறிய மால்புவா, அதைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. கவனித்திருப்பீர்கள். சொல்வதற்கு ஒன்றும் அகப்படவில்லை. பெயிண்ட் தொழிற்சாலையின் சோதனைப் பிரிவில் தலை நரைத்தவன் நான். குறை அகப்படாத பொருளைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும். ஓரமெல்லாம் மொறுமொறுப்பு, நடுவில் மெத்து, ஒரே அப்பத்தில் இரண்டும் எப்படி?

விஷயத்துக்கு வருகிறேன். ஏப்ரலில் கல்யாணம் முடிந்து உங்கள் பெண் இந்த வீட்டுக்குள் வரும் நாளில், என் கையால் செய்த ஒரு இனிப்பு அவள் தட்டில் இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். கடைப் பெட்டி வேண்டாம். என் மனைவி போன பிறகு இந்த வீட்டு அடுப்பில் தேநீரைத் தவிர எதுவும் கொதித்ததில்லை. எனக்கும் மகனுக்கும் கேரியர் சாப்பாடுதான். புது மனுஷி வரும் வீட்டில் அடுப்பு அப்படிக் கிடக்கக் கூடாது.

தொலைபேசியில் உங்களிடம் செய்முறை கேட்டேன். பின்னால் பாத்திரம் உருள்கிறது, யாரோ "அக்கா, ரெண்டு டீ" என்று கத்துகிறார், நடுவே நீங்கள் சொன்னது எனக்குக் கேட்டது ஒன்றே ஒன்று: "கண்ணு பாத்துப் போடணும் சம்பந்தி." கண்ணால் பார்த்து எதைப் போடுவது? எவ்வளவு? அதை நம்பி இரண்டு முறை செய்து இரண்டையும் குப்பையில் கொட்டினேன். ஆகவே தயவுசெய்து எழுத்தில் கொடுங்கள். எழுத்தில் இருந்தால் பின்னால் பேச்சு மாறாது.

இப்படிக்கு,
சம்பந்தி


பிப்ரவரி 9

சம்பந்திக்கு,

பருப்பில் உப்பு கூடுதல் என்று சாப்பிட்ட அன்று ஒரு தடவை சொன்னீர்கள், இப்போது கடிதத்தில் ஒரு தடவை. அடுத்து கல்யாணப் பத்திரிகையில் அச்சடிப்பீர்கள் போலிருக்கிறது.

பஸ் பணிமனையில் கேண்டீன் நடத்துகிறவள் நான். விடிந்தால் டிரைவர்களுக்கு டிபன், மதியம் மெக்கானிக்குகளுக்குச் சாப்பாடு. இத்தனை பேருக்கு ஆக்கிப் போடுகிறேன், ஒரு ஆள் என்னிடம் எழுதிக் கொடு என்று கேட்டதில்லை. சாப்பிடுவார்கள், கை கழுவுவார்கள், போவார்கள். நீங்கள் கேட்டுவிட்டீர்கள், மாப்பிள்ளையின் அப்பா, மறுக்க முடியுமா?

மைதா இரண்டு பங்கு, ரவை ஒரு பங்கு. நன்றாகக் கனிந்த வாழைப்பழம் ஒன்றை மசித்துப் போடுங்கள். கொஞ்சம் சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு, சோம்பு, தட்டிய ஏலக்காய். பால் விட்டுக் கரைத்து மூடி வையுங்கள். ரவை பாலைக் குடித்துவிட்டு மாவு கெட்டியாகும், அப்போது இன்னும் பால் விடுங்கள். கரண்டியால் ஊற்றினால் மாவு தானாகப் பரவ வேண்டும். நீங்கள் கரண்டியால் தேய்த்துப் பரப்பக் கூடாது. தட்டையான வாணலியில் நெய், தீ மிதமாக. ஓரம் சிவந்ததும் திருப்புங்கள். பாகுக்குக் கம்பிப் பதம் வேண்டாம், விரலில் தொட்டால் பிசுபிசு என்று ஒட்டினால் போதும். பாகு வெதுவெதுப்பாக இருக்க வேண்டும், அப்பம் சுடச்சுட இருக்க வேண்டும். போட்டு ஊறவிட்டு எடுங்கள்.

அவ்வளவுதான். இதில் பெரிய ரகசியம் எதுவும் இல்லை. கை பழகினால் வந்துவிடும்.

உங்கள் மகன் நலம். நேற்று என் வீட்டுக் குழாயைச் சரி செய்கிறேன் என்று திருகி, இப்போது தண்ணீர் நிற்கவே மாட்டேன் என்கிறது.

பெண்ணின் அம்மா


பிப்ரவரி 15

மதிப்பிற்குரிய சம்பந்தியம்மாவுக்கு,

செய்முறை கிடைத்தது. நன்றி. அதை நாலு முறை படித்தேன். கோபித்துக்கொள்ளாதீர்கள், அது செய்முறை இல்லை. "கொஞ்சம் சர்க்கரை" என்கிறீர்கள். யாருடைய கொஞ்சம்? "மூடி வையுங்கள்", எவ்வளவு நேரம்? கரண்டி என்கிறீர்கள், என் வீட்டில் நான்கு அளவில் கரண்டி இருக்கிறது.

மாவின் பதத்துக்கு மட்டும் நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். பெயிண்ட் எவ்வளவு இளக்கம் என்று பார்க்க எங்களிடம் ஒரு குவளை உண்டு. அடியில் சின்ன ஓட்டை இருக்கும். நிரப்பிவிட்டு, ஒழுகி முடிய எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்ப்போம். ஓய்வு பெற்றபோது எனக்கு அதைத்தான் நினைவுப் பரிசாகக் கொடுத்தார்கள். மாவை அதில் ஊற்றி, வெளிச்சுவர் பெயிண்டின் பதத்துக்குக் கொண்டுவந்தேன். ஒவ்வொரு முறையும் பதம் ஒரே மாதிரி இருக்கிறது, இம்மியும் மாறவில்லை.

ஆனால் அப்பம் சரியில்லை. ஓரம் மொறுக்கவில்லை. முழுவதும் வழவழ என்று, தரையில் விரிக்கும் ரப்பர் விரிப்பைப் போல வருகிறது. பாகையும் குடிக்க மாட்டேன் என்கிறது. முடிவுகளைத் தனித்தாளில் இணைத்திருக்கிறேன், பார்த்துக் காரணம் எழுதவும்.

மற்றபடி வேலைகள் நடக்கின்றன. மாடி அறையை அவர்களுக்காகச் சுரண்டி, பட்டி பார்த்து, முதல் பூச்சு அடித்தாயிற்று. நானேதான் அடிக்கிறேன், இன்னொருவன் அடித்தால் எனக்குத் தூக்கம் வராது. சமையலறையில் எல்லா டப்பாவுக்கும் சீட்டு ஒட்டிவிட்டேன்: பொருளின் பெயர், வாங்கிய தேதி, முடிக்க வேண்டிய தேதி. உங்கள் பெண் வந்தால் எதையும் தேட வேண்டியதில்லை, கண்ணை மூடிக்கொண்டு சமைக்கலாம்.

இப்படிக்கு,
சம்பந்தி


பிப்ரவரி 22

சம்பந்திக்கு,

உங்கள் தனித்தாளை நான் படிக்கவில்லை. எடுத்துப் பார்த்ததும் எனக்குப் பள்ளிக்கூடத்துக் கணக்கு டீச்சர் ஞாபகம் வந்து மடித்து வைத்துவிட்டேன். கேண்டீன் காசாளர் படித்துவிட்டு, "அக்கா, இவரு மால்புவா செய்யறாரா, ராக்கெட் விடறாரா?" என்று கேட்டார்.

பெயிண்ட் குவளையை நன்றாகக் கழுவினீர்களா? சத்தியமாகக் கேட்கிறேன்.

ஓரம் ஏன் மொறுக்கவில்லை என்று எனக்குப் புரியவில்லை. நெய் காயாமல் ஊற்றினால் அப்படி வரும். ஒரு சொட்டு மாவைப் போட்டுப் பாருங்கள், அடியில் கிடக்காமல் மெதுவாக மேலே வர வேண்டும். அதுவும் சரியாக இருந்தால் ரவை பழசா என்று பாருங்கள். உங்கள் வீட்டு ரவைக்குத் தேதி ஒட்டியிருப்பீர்களே, அதையே பாருங்கள்.

மாடி அறைக்கு இவ்வளவு அவசரம் எதற்கு? முதலில் கல்யாணம் நடக்கட்டும். வெயில் வேறு ஏறுகிறது, இந்த வயதில் ஏணியில் ஏறி நிற்க வேண்டுமா? டப்பாக்களையும் கொஞ்ச நாள் அப்படியே விடுங்கள். அவள் வந்து அவளுக்குத் தோன்றிய மாதிரி

இதற்குக் கீழே மூன்று வரி எழுதி அடித்திருக்கிறேன். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் படிக்க முயற்சி செய்யாதீர்கள், நன்றாகவே அடித்திருக்கிறேன்.

பெண்ணின் அம்மா


பிப்ரவரி 28

மதிப்பிற்குரிய சம்பந்தியம்மாவுக்கு,

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். "பிள்ளைகள்" என்ற ஒரு சொல் மட்டும் தெரிந்தது. மற்றதை அவ்வளவு அழுத்தி அடித்திருக்கிறீர்கள், தாளே கிழிந்திருக்கிறது.

என்னிடம் எதையோ மறைக்கிறீர்கள். அறையின் நிறம் உங்கள் பெண்ணுக்குப் பிடிக்கவில்லையா? என் மகனிடம் கேட்டால் "நல்லாத்தாம்ப்பா இருக்கு" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறான். இரண்டாம் பூச்சுக்கு முன்னால் தெரிந்தால் நிறத்தை மாற்றலாம். நேராகச் சொல்லுங்கள்.

நெய் சூடு நீங்கள் சொன்ன மாதிரியே பார்த்தேன், சரி. ரவையும் புதியது. மாவில் ஒரு கட்டி, ஒரு தூசி கிடையாது. கரைத்ததும் பெயிண்ட் வடிக்கும் மெல்லிய வலையில் (புது வலைதான், பயப்படாதீர்கள்) இரண்டு முறை வடிகட்டிவிடுகிறேன். வலையில் கணிசமாகக் கசடு தங்குகிறது. உங்கள் கேண்டீனிலிருந்து என் மகன் வாங்கி வந்த மைதா அவ்வளவு மோசம். அதையெல்லாம் எடுத்துப் போட்ட பிறகும் ஓரம் மொறுக்கவில்லை. ஏன்?

இன்னொன்று. உங்கள் பெண்ணுக்குச் சமையல் அவ்வளவாக வராது என்று நீங்களே சொன்னீர்கள். கவலைப்பட வேண்டாம். தினமும் சாப்பிட்டதும் எது சரி, எது சரியில்லை என்று நான் சொல்லிவிடுவேன். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க ஒரு ஆள் இருந்தால் யாரும் சீக்கிரம் கற்றுக்கொள்வார்கள். சமையலறைச் சுவரில் அதற்கு ஒரு பலகை மாட்டியிருக்கிறேன்.

இப்படிக்கு,
சம்பந்தி


மார்ச் 4

சம்பந்திக்கு,

கசடு இல்லை ஐயா அது. ரவை. ரவையும் சோம்பும். ஓரம் மொறுக்குவது அந்த ரவையால்தான். பாகு உள்ளே இறங்குவதும் அந்த ரவை இருப்பதால்தான். அதை இரண்டு முறை வடிகட்டி எடுத்துக் குப்பையில் கொட்டிவிட்டு, மொறுக்கவில்லை என்று ஒரு மாதமாக என் உயிரை வாங்குகிறீர்கள். என் கேண்டீன் மைதாவையும் திட்டுகிறீர்கள். இந்தக் கடிதத்தை வாசித்தபோது கல்லாவில் நின்றுகொண்டு தலையில் அடித்துக்கொண்டேன். சாப்பாட்டு டோக்கன் கொடுக்க வந்த கண்டக்டர் யாருக்கு என்ன ஆயிற்று என்று பதறிப்போனார்.

பிசிறு தட்டினால் எல்லாவற்றையும் வடிகட்டி எறிந்துவிட வேண்டும் உங்களுக்கு. சுவரில் பலகை வேறு. என் பெண் என்ன உங்கள் தொழிற்சாலைக்கு வேலைக்கு வருகிறாளா? காலையில் ஆபீஸ் போய்விட்டு, வந்து சமைத்துப் போட்டு, பலகையில் மார்க் வாங்க வேண்டுமா?

இனிமேல் என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது. அவர்கள் உங்கள் வீட்டுக்கு வரப்போவதில்லை. ஆபீஸ் பக்கத்தில் இரண்டாவது மாடியில் ஒரு வீடு பார்த்துப் பேசி முடித்துவிட்டார்கள். ஜனவரியிலேயே. "கல்யாணம் முடியற வரைக்கும் மாமாகிட்ட மூச்சு விடாதேம்மா" என்று என் பெண் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். எனக்கு அதில் இஷ்டமே இல்லை. நீங்கள் மாடி அறைக்குப் பூச்சு அடிக்கிறேன் என்று எழுதும்போதெல்லாம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

உங்கள் மகன்தான் முடிவு எடுத்தான், என் பெண் இல்லை. அவளைத் தப்பாக நினைக்காதீர்கள். அவன் என்னிடம் சொன்னது இதுதான்: "அப்பா நல்லவர்தான் அத்தை. ஆனா எங்க வீட்ல தட்டுல கை வெச்சா பரீட்சை ஹால்ல உக்காந்த மாதிரி இருக்கும். அதுல அவளையும் கொண்டுபோய் உக்கார வெக்க எனக்கு மனசு வரல."

எழுதி முடித்துவிட்டுக் கிழித்துப் போடலாம் என்று நினைத்தேன். கிழித்தால் நாளைக்கு நீங்கள் இரண்டாம் பூச்சு அடிப்பீர்கள். அதனால் அனுப்புகிறேன்.

பெண்ணின் அம்மா


மார்ச் 8

சம்பந்தியம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. தகவலுக்கு நன்றி.

பூச்சு நிறுத்தப்பட்டது. மிச்சம் இருக்கும் பெயிண்டை மூடி வைத்துவிட்டேன். கல்யாணத்துக்கு வருவேன், கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் போடுவேன்.

செய்முறை பற்றி இனித் தொந்தரவு செய்ய மாட்டேன்.


மார்ச் 14

சம்பந்திக்கு,

எல்லாரும் சேர்ந்து என்னை ஒரு வழி பண்ணுகிறீர்கள்.

என் பெண் என்னோடு பேசுவதில்லை. நான் வாக்குத் தவறிவிட்டேனாம். சாப்பிடும்போதுகூட முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கிறது. உங்கள் மகன் வந்து என் வீட்டு முன்னறையில் சுருண்டு படுத்துக்கொள்கிறான். கேட்டால், "அப்பா கேரியரைப் பிரிச்சு வெச்சிட்டு உள்ள போயிடறாரு அத்தை. உப்பு இருக்கா இல்லையான்னுகூட சொல்ல மாட்டேங்கறாரு" என்று கண் கலங்குகிறான். சொன்னாலும் குற்றம், சொல்லாவிட்டாலும் குற்றம். உங்கள் வீட்டு ஆண்களை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை. குழாய் இன்னும் ஒழுகுகிறது.

போன புதன் மனசு கேட்காமல் ஒரு டப்பா மால்புவா செய்து, உங்கள் பக்கம் போகும் பஸ்ஸில் டிரைவரிடம் கொடுத்தனுப்பினேன். வீடு பூட்டியிருக்கிறது என்று திருப்பிக் கொண்டுவந்தார், டப்பாவை மட்டும். "பாகு ஒழுகி சீட்டெல்லாம் பிசுக்காயிடுச்சு அக்கா. வீணாப் போகக் கூடாதேன்னு நானும் கண்டக்டரும்…" என்று இழுத்தார். அவர்களைத் திட்டி என்ன பயன்? பகல் வேளையில் வீட்டைப் பூட்டிக்கொண்டு நீங்கள் எங்கே போனீர்கள்?

நான் அன்று எழுதிய விதம் காரம் அதிகம். விஷயம் உண்மைதான், அதில் மாற்றமில்லை. ஆனால் அவன் வாயால் நீங்கள் கேட்டிருக்க வேண்டியதை நான் கேண்டீன் கல்லாவில் நின்று கொட்டிவிட்டேன். அது எனக்கு உறுத்துகிறது. நாலு வரி எழுதுங்கள். திட்டியாவது எழுதுங்கள்.

பெண்ணின் அம்மா


மார்ச் 19

சம்பந்தியம்மாவுக்கு,

புதன்கிழமை நான் போனது அந்த வீட்டைப் பார்க்க. உள்ளே போகவில்லை. எதிர்ச் சாரியில் இருக்கும் தையல் கடை வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தேன். பால்கனிச் சுவர் ஊறியிருக்கிறது. அதைக் காய விடாமல் மேலேயே பெயிண்ட் அடித்திருக்கிறான் வீட்டுக்காரன், கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பியிருக்கிறது. வெளியே இப்படி என்றால் உள்ளே எப்படி இருக்கும்? படித்தவர்கள் இரண்டு பேர், சுவரில் கை வைத்துப் பார்க்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அப்பன் முப்பது வருடம் செய்த வேலையே அதுதான். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். தையல்காரர் இரண்டு முறை வெளியே வந்து "யாரைப் பாக்கணும்?" என்று கேட்டார். யாரையும் இல்லை என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

நேற்று ராத்திரி மகனிடம் பேசினேன், அவன் வாயால் கேட்டிருக்க வேண்டும் என்று நீங்கள் எழுதியதற்காகத்தான். நீங்கள் எழுதியதையேதான் அவனும் சொன்னான், பரீட்சை ஹால். எனக்கு இது விளங்கவில்லை சம்பந்தியம்மா. அவன் அம்மா சமைத்ததை நான் ருசி பார்த்துச் சொல்வேன், அவள் கேட்டுக்கொள்வாள். சொல்லாமல் எழுந்த நாளில் "என்ன, உடம்பு சரியில்லையா?" என்று அவளே கேட்பாள். பரீட்சை எழுதியவள் ஒரு நாளும் குறை சொல்லவில்லை, வெளியே நின்றவன் சொல்கிறான். தப்பைப் பார்த்துவிட்டுப் பேசாமல் போவதுதான் பாசமா? அப்படியென்றால் தெருவில் போகிறவர்கள் எல்லாரும் என் மேல் பாசமாக இருக்கிறார்கள்.

கோபமில்லை என்று எழுத உட்கார்ந்தேன். கோபம்தான். அதைவிடப் பயம். அவள் போன பிறகு, மூன்று வருடமாக இந்த வீட்டில் பேச்சு என்று இருப்பது நானும் அவனும் சாப்பாட்டு மேசையில் பேசுவதுதான். கேரியர் ரசம் தண்ணீர் என்று நான் சொல்வேன், அவன் ஆமாம் என்பான். ஏப்ரலுக்குப் பிறகு அதை யாரிடம் சொல்வது?

ஒரு சந்தேகம். பாகு ஒழுகியது என்று எழுதியிருந்தீர்கள். மால்புவாவை ஒரு வீட்டில் செய்து இன்னொரு வீட்டுக்கு எடுத்துப் போவதென்றால் எப்படி எடுத்துப் போவது? தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன். போவேன் என்று அர்த்தமில்லை.

ரவையை வடிகட்டாமல் செய்து பார்த்தேன். ஓரம் மொறுக்கிறது.

சம்பந்தி


மார்ச் 25

சம்பந்திக்கு,

கடைசி வரியை முதலில் எழுதக் கூடாதா? படித்து முடிப்பதற்குள் அடுப்பில் பால் பொங்கி வழிந்துவிட்டது.

எடுத்துப் போகும் வழி சொல்கிறேன். வீட்டிலேயே ஊறப்போட்டு எடுத்துப் போனால் பஸ் குலுக்கலில் கூழாகிவிடும். அப்பத்தைச் சுட்டு நெய் வடித்துத் தனி டப்பாவில் வையுங்கள். பாகு தனியாக, இறுக மூடிய தூக்கில். அந்த வீட்டுக்குப் போன பிறகு பாகை அவர்கள் அடுப்பில் சூடு பண்ணி, அப்பத்தையும் கல்லில் லேசாக வாட்டி, அப்புறம்தான் ஊறப்போட வேண்டும். ஆறின அப்பம் மெதுவாகத்தான் குடிக்கும். அதற்கு நேரம் ஆகும். ஆகவே வாசலில் நின்று "இந்தா" என்று நீட்டிவிட்டு நீங்கள் திரும்ப முடியாது. உள்ளே போய் உட்கார்ந்தே ஆக வேண்டும்.

இதையே என் பெண்ணிடமும் சொன்னேன். பத்துப் பதினைந்து நாளைக்கு அப்புறம் என்னோடு பேசினாள், அதுவும் சண்டைக்கு. "என் அடுப்புல யாரும் கை வெக்கக் கூடாது. சூடு பண்றதை நான் பண்ணிக்கறேன். அவரு வந்து ஹால்ல உக்காரட்டும், சமையக்கட்டுப் பக்கம் வரக் கூடாது" என்றாள். "வந்து உக்காரட்டும்" என்று சொல்லிவிட்டாள் பார்த்தீர்களா? அவளிடமிருந்து அதை வாங்க எனக்குத் தொண்டைத் தண்ணீர் வற்றிவிட்டது.

போனால் சுவரைப் பற்றிப் பேசாதீர்கள். கும்பிட்டுக் கேட்கிறேன். அவர்களுக்கே தெரியும், அட்வான்ஸ் கொடுத்த பிறகுதான் தெரிந்ததாம், வெட்கப்பட்டுக்கொண்டு யாரிடமும் சொல்லவில்லை. டப்பாவைத் திறந்து மோந்து பார்க்காதீர்கள். பாகு கொதிக்கிற சத்தம் கேட்டாலும் எழுந்து போகாதீர்கள். கையை மடியில் வைத்துக்கொண்டு உட்காருங்கள். உங்கள் அக்கறை எனக்குப் புரிகிறது சம்பந்தி. ஆனால் அதைக் கொஞ்ச நாள் வீட்டிலேயே பூட்டி வைத்துவிட்டுப் போங்கள்.

ஒரு விஷயம் எனக்கும் உண்டு. என் பெண் கல்யாணமாகிப் போன பிறகு என் வீட்டிலும் நான் ஒருத்திதான். கேண்டீனில் நூறு பேர் அக்கா அக்கா என்கிறார்கள், ராத்திரி வீட்டுக் கதவைத் திறந்தால் ஒழுகுகிற குழாய்தான் சத்தம் போடும். நான் அதை யாருக்கும் எழுதவில்லை. நீங்கள் எழுதினீர்கள், அதனால் எழுதுகிறேன்.

பெண்ணின் அம்மா


ஏப்ரல் 27

சம்பந்தியம்மாவுக்கு,

கல்யாணத்தன்று உங்களோடு இரண்டு வார்த்தை பேச முடியவில்லை. நீங்கள் பரிமாறுகிறவர்களை விரட்டிக்கொண்டே இருந்தீர்கள். சாப்பாட்டைப் பற்றி நான் ஒன்றும் எழுதப் போவதில்லை.

நேற்று போனேன். எப்படி நடந்தது என்று எழுதுகிறேன், நியாயத்தை நீங்களே சொல்லுங்கள்.

காலையிலேயே அப்பம் சுட்டேன். இந்த முறை வந்ததைப் போல எப்போதும் வந்ததில்லை. ஓரம் சிவந்து, நடு மெத்தென்று, நீங்கள் செய்த மாதிரியே. பார்த்துக்கொண்டு நின்றேனே தவிர ஒன்றுகூட வாயில் போடவில்லை. ஊறிய பிறகு சாப்பிட்டால்தான் சரியாகத் தெரியும் என்று விட்டுவிட்டேன். பாகுத் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன், ஒரு சொட்டு சிந்தவில்லை.

உங்கள் பெண் கதவைத் திறந்து, "வாங்க மாமா" என்று இரண்டையும் வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். என் மகன் என்னை ஒரு நாற்காலியில் உட்கார வைத்தான். அந்தச் சுவருக்கு நேர் எதிரே. உள்பக்கமும் ஊறித்தான் இருக்கிறது, ஒரு காலண்டரைத் தொங்கவிட்டு மறைத்திருக்கிறார்கள். காலண்டருக்கு நாலு பக்கமும் கொப்புளம் தெரிகிறது. அதைப் பற்றி நான் பேசவில்லை. வெயிலைப் பற்றிப் பேசினேன். அவன் ஆபீஸைப் பற்றிப் பேசினான்.

உள்ளே பாகு கொதிக்க ஆரம்பித்தது. சூடு பண்ணினால் போதும், கொதிக்கவிடக் கூடாது. அவள் யாரோடோ போனில் பேசிக்கொண்டிருக்கிறாள். அநேகமாக உங்களோடு. கொஞ்ச நேரத்தில் வாசனை மாறியது. கம்பிப் பதம் தாண்டிவிட்டது என்று எனக்கு மூக்கிலேயே தெரிகிறது. சம்பந்தியம்மா, நாற்காலியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எழுந்திருக்கவில்லை. வாயைத் திறக்கவில்லை. மகன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு எழுந்து மின்விசிறியை வேகமாக வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தான்.

அதற்கு அப்புறம் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. தூங்கிவிட்டேன். காலையிலிருந்து அடுப்படியில் நின்றது, பஸ், வாயை அடக்கிக்கொண்டு உட்கார்ந்தது, எல்லாம் சேர்ந்து அடித்துப் போட்டுவிட்டது. கண் விழித்தால் ஜன்னலில் வெயில் போயிருக்கிறது. என் மேல் ஒரு போர்வை. கண்ணாடியைக் கழற்றிப் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். சமையலறையில் பாத்திரம் கழுவிக் கவிழ்த்தாயிற்று. என் டப்பாவும் தூக்கும் துடைத்துப் பையில் போட்டுத் தயாராக இருக்கின்றன.

"மால்புவா?" என்றேன்.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "தீந்துடுச்சு மாமா" என்றாள் உங்கள் பெண்.

"ஒண்ணுகூடவா இல்ல?"

"விருந்தாளின்னா எழுப்பி உக்கார வெச்சுப் பரிமாறியிருப்பேன். நீங்க வீட்டு ஆளுதானே, எழுந்து வந்து எடுத்துக்குவீங்கன்னு சமையல் மேடையிலயே வெச்சிருந்தேன். அதுக்குள்ள இவரு ஒண்ணொண்ணா உள்ள தள்ளிட்டாரு. நான் என்ன பண்றது?"

என் மகன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். சின்ன வயதில் டப்பாவிலிருந்து சர்க்கரை எடுத்துத் தின்னும்போது இப்படித்தான் நிற்பான். திட்டலாம் என்று வாயைத் திறந்தேன், சிரிப்பு வந்துவிட்டது, அப்புறம் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, கண்ணாடியைத் தேடுகிற மாதிரி திரும்பிக்கொண்டேன்.

இது என்ன நியாயம் என்று கேட்கிறேன். மூன்று மாதம் பாடுபட்டவன் நான். முறுகின பாகில் ஊறியது எப்படி இருந்தது, உள்ளே இறங்கியதா, மேலேயே பூத்து நின்றதா, ஒன்றுமே எனக்குத் தெரியாது. பஸ் நிறுத்தம் வரை கூட வந்தவனைக் கேட்டேன். "நல்லா இருந்துச்சுப்பா" என்கிறான். நல்லா இருந்தது என்றால் என்ன? உங்களைப் போலவே பேசக் கற்றுக்கொண்டிருக்கிறான்.

ஞாயிற்றுக்கிழமை மறுபடி வரச் சொல்லியிருக்கிறாள். இந்தத் தடவை தூங்குவதாக இல்லை. மாவை இரண்டு மடங்காகக் கரைக்க வேண்டும். ரவையும் அப்படியே இரண்டு மடங்குதானா, இல்லை கொஞ்சம் குறைக்க வேண்டுமா? உடனே எழுதவும். "கொஞ்சம்" என்றால் எவ்வளவு என்றும் எழுதவும்.

சம்பந்தி